கொத்தும் கூப்பனும்

எமது நாட்டின் தேர்தல் வரலாற்றை எழுதுவோர் யானை, கை, கதிரை, மரம் என்று சின்னங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அவை வாக்குச் சீட்டில் அச்சான பொருட்கள். எந்தச் சீட்டிலும் அச்சாகாத ஒரு பொருள் அரசாங்கங்களை ஏற்றியும் இறக்கியும் விட்டிருக்கிறது. அது நம் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்த கொத்து.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொத்து என்றால் கொத்து ரொட்டிதான் நினைவுக்கு வருகிறது. எனவே சொல்லிவிடுகிறேன். கொத்து ஓர் அளவுப் பாத்திரம். நான்கு சுண்டு ஒரு கொத்து. அரிசியென்றால் ஏறத்தாழ இரண்டு இறாத்தல். நெல்லுக்கு மரைக்காலும் அவணமும் இருந்தன. அவை வயற்காரருக்கும் வியாபாரிக்கும் உரியவை. கொத்தும் சுண்டும் பெண்களின் கையில் இருந்தவை.

இந்தப் பாத்திரத்தை அரசாங்கத்தின் கணக்குக்குள் கொண்டுவந்தது யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையின் அடுப்பு அன்றே தடுமாறியது. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு வீசின. எங்கள் பகுதியில் வரலாறு என்று கேட்டால் அந்தக் குண்டுகளைப் பற்றித்தான் சொல்வார்கள். குண்டு விழுந்தது ஒருநாள். அதே ஆண்டில் வந்த அரிசிக் கூப்பனோ 1979 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், வீட்டுக்கு வீடு இருந்தது.

கூப்பன் முறையின் அரசியல் பலம் மிக எளிமையானது. ஆளுக்கு வாரத்துக்கு இத்தனை கொத்து என்று அரசாங்கம் சொல்லும். சங்கக் கடையில் கூப்பனை வெட்டிக்கொண்டு அளந்து தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் உம்மா தன் கொத்தால் திரும்ப அளந்து பார்ப்பார். குவித்து அளந்தானா, வழித்து அளந்தானா என்ற விசாரணை அன்று மாலை வேலியோரம் நடக்கும். எழுத்தறியாத ஒருவர்கூட அரசாங்கத்தின் வார்த்தையைத் தன் கையால் சோதித்துப் பார்க்க முடிந்தது. வரவு செலவுத் திட்டத்தை அப்படிச் சோதிக்க எந்தப் பாத்திரமும் இல்லை.

அந்தச் சோதனையின் விளைவை முதலில் கண்டது 1953. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. (ஆசிரியனாக எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது, வரலாற்று நூல்களில் அது அரை வாக்கியத்தோடு போய்விடும்.) ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, பொலிஸார் சுட்டதில் பலர் இறந்தனர். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலான நியூபவுண்ட்லாண்டில் அமைச்சரவை கூடியது. சுதந்திரம் பெற்று ஐந்து ஆண்டுகளான ஒரு நாட்டின் அமைச்சர்கள், கொத்து அரிசிக்குப் பயந்து பழைய எசமானின் கப்பலில் ஏறியிருந்தார்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

கொத்துக்கு மொழி இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வாகன இலக்கத் தகட்டில் ஏறிய சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து, ஒரு தகரத் துண்டைக் கொண்டே அயலவனை அந்நியனாக்கிக் காட்டியது. ஒரு பக்கம் தார் பூசினார்கள், மறுபக்கம் தமிழ் எழுத்துகளின் மேல் பூசினார்கள். கந்தளாயிலும் சம்பூரிலும் கிண்ணியாவிலும் கூப்பனுக்கு அளக்கப்பட்டது ஒரே கொத்துத்தான்.

1966 டிசம்பரில், மீண்டும் பிரதமராகியிருந்த டட்லி, இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தார். அந்த ஒன்றையும் இலவசமாகத் தந்தார். கணக்குப் பார்த்தால் அது தாராளம். பானைக்குள் பார்த்தால் பாதி. மறு ஆண்டு கடலுக்கு அப்பால், சென்னை மாநிலத்தில், அண்ணாதுரையின் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஆட்சியைப் பிடித்தது. அங்கே படி, இங்கே கொத்து. ஆட்சிக்கு வந்தபின் அந்த ஒரு படியைக்கூட எல்லா ஊருக்கும் அவர்களால் கொடுக்க முடியவில்லை. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி இரண்டாம் கொத்தைத் திருப்பித் தருவதாக வாக்களித்தது. சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்ற பேச்சு இன்றும் வயதானவர்களின் வாயில் இருக்கிறது. மனிதன் சந்திரனில் கால் வைத்து ஓராண்டுகூட ஆகாத காலம் அது. இரண்டாம் கொத்து வரத்தான் செய்தது, காசுக்கு.

அடுத்து வந்ததுதான் பொல்லு. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. நெல் வாங்கும் உரிமை அரசாங்கத்திடம் போனது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. பங்கீட்டு அரிசி குறைந்தது. பாணுக்கு வரிசை நீண்டது. ஹர்த்தாலை முன்நின்று நடத்திய கலாநிதி என். எம். பெரேராவே அப்போது நிதியமைச்சர்! அரிசி கடத்தலைத் தடுக்க வீதிகளில் தடி போட்டு மறித்துச் சோதித்தார்கள். சிங்களத்தில் அதற்கு ‘ஹால் பொல்ல’ என்று பெயர். பொல்லு நமக்கும் தெரிந்த சொல்தான். தோப்பூரில் விளைந்த அரிசியில் மூன்று கொத்தைப் பட்டணத்திலிருந்த தன் தங்கச்சிக்குக் கொண்டுபோன என் வாப்பா, அதை மரவள்ளிக் கிழங்குக்கு அடியில் மறைத்திருக்கிறார். சொந்த வயல் அரிசியைக் களவுப் பொருள்போல் சுமந்த வெட்கத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி அந்தப் பொல்லைப் பல தேர்தல்களுக்கு மேடையில் ஏற்றியது.

1977இல் ஜே. ஆர். எட்டு இறாத்தல் தானியம் தருவதாகச் சொல்லி, 168 ஆசனங்களில் 140ஐ வென்றார். எங்கள் மூதூர்த் தொகுதி 1970இல் அனுப்பிய இருவருள் ஒருவர் சுதந்திரக் கட்சியின் ஏ. எல். அப்துல் மஜீத், 1977இல் வென்றவர் ஐ.தே.க.வின் எம். ஈ. எச். மஹ்ரூப். இதற்கெல்லாம் அரிசியே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாக்குறுதியின் சொற்களைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கொத்து இறாத்தலாகிவிட்டது, அரிசி தானியமாகிவிட்டது. தானியமென்றால் கோதுமையும் அதற்குள் வரும். 1980இல் சீனக்குடாவில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது; நெல் விளையும் மாவட்டத்தின் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல்கள் வந்து நின்றன.

1978இல் பங்கீடு வறிய பாதிப் பேருக்கென்று சுருக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. என் பார்வையில் 1953ஐவிடப் பெரிய மாற்றம் இதுதான். இதற்கு ஒரு கல்லும் எறியப்படவில்லை. முத்திரையில் எழுதியிருந்தது ரூபாய். விலை ஏறியது, முத்திரையின் தொகை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இரண்டு கொத்தை ஒன்றாக்கியவர் தேர்தலில் தோற்றார். முத்திரையைப் பாதியாக்கியது விலைவாசி. அதற்கு எதிராக யாருக்கு வாக்களிப்பது?

பின்னர் ஜனசவிய வந்தது, சமுர்த்தி வந்தது. மேடைகளில் குரக்கன் நிறச் சால்வையும் தாமரை மொட்டும் வந்தன. பார்க்க அழகானவைதான், எதையும் அளக்க உதவாதவை. 2022இல் சனங்கள் வெற்றுச் சிலிண்டர்களை வீதியில் வரிசையாக வைத்தபோது, பல காலத்துக்குப் பின் ஒரு சமையலறைப் பொருள் அரசியல் பேசியது. சிலிண்டரிலும் கொத்தின் குணம் உண்டு. தூக்கிப் பார்த்தாலே காலியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

2023 முதல் அஸ்வெசும உதவி வங்கிக் கணக்குக்குப் போகிறது. எங்கள் வீட்டில் கொத்து வெளியே வருவது பெரும்பாலும் நோன்பு முடிவில், ஃபித்ரா அரிசி அளக்கத்தான். இம்முறை அளந்துகொண்டிருந்தபோது அயல்வீட்டு மாமி, “சேர், அஸ்வெசும காசுக்கு எத்தின கொத்து வரும்?” என்று கேட்டார். அன்றைய கடை விலைக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அடுத்த மாதம் மறுபடி கேட்டார். மறுபடியும் போட வேண்டியிருந்தது.