இடம் சரி, தேதி தவறு

காட்சி மாறும்போது தானாகவே நீளும் சிகரெட், இடம் மாறும் தொப்பி என்று கன்டினியூட்டி பிழைகளைத் தேடிப் பிடிக்கும் ரசிகர்களுக்கு எந்தப் படத்திலும் தீனி உண்டு. மைக்கேல் மான் இயக்கி 2009இல் வெளிவந்த 'பப்ளிக் எனிமீஸ்' படத்தில் அவர்கள் பார்க்கவேண்டியது காலண்டரை.

வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சரின் கதை அது. இடங்களில் மான் பெரும்பாலும் சமரசம் செய்யவில்லை. 1934 மார்ச் 3 அன்று, டிலிஞ்சர் மரத்துப்பாக்கியைக் காட்டி மிரட்டித் தப்பியதாகச் சொல்லப்படும் இண்டியானாவின் க்ரௌன் பாயின்ட் சிறையிலேயே அந்தக் காட்சியை எடுத்தார். தப்பியவன் ஓட்டிப்போனது ஷெரிப் லிலியன் ஹோலியின் கார். வங்கிக் கொள்ளை அதுவரை மாநிலப் போலீசின் தலைவலிதான். திருட்டுக் கார் எல்லை தாண்டி இல்லினாய்ஸுக்குள் நுழைந்ததும் மத்திய அரசின் வழக்காகிவிட்டது. இத்தனை சாகசம் செய்தவன் மாட்டியது கார் திருட்டில்!

தேதிகளுக்கு வந்தால் கதை வேறு. படத்தின் தொடக்கத்திலேயே மத்தியப் புலனாய்வு இலாகாவின் அதிகாரி மெல்வின் பர்விஸ், இன்னொரு கொள்ளையனான ப்ரெட்டி பாய் ஃப்ளாய்டைச் சுட்டு வீழ்த்துகிறார். அந்தப் பெயரோடுதான் டிலிஞ்சர் வேட்டைக்கு வருகிறார். உண்மையில் டிலிஞ்சர் சிகாகோவின் பயோகிராஃப் தியேட்டர் அருகே ஜூலை 22இல் செத்தான். ஃப்ளாய்ட் ஒஹாயோவில் அக்டோபர் 22இல்.

இதைவிடக் கனமான மாற்றம் விஸ்கான்சினின் 'லிட்டில் பொஹீமியா' விடுதியில் நடக்கிறது. படப்பிடிப்பும் அதே விடுதியில்தான். 1934 ஏப்ரல் 22 இரவு, டிலிஞ்சரின் கும்பல் தங்கியிருந்த அந்த விடுதியைச் சுற்றி வளைத்த அதிகாரிகள், சாப்பிட்டுவிட்டுக் காரில் கிளம்பிய மூன்று அப்பாவிகளைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டார்கள். ஒருவர் இறந்தார். சத்தம் கேட்ட கும்பல் பின்பக்கமாக நழுவியது. கும்பலைச் சேர்ந்த பேபி ஃபேஸ் நெல்சன் தப்பிப்போகும் வழியில் கார்ட்டர் பாம் என்ற அதிகாரியைக் கொன்றான். சிக்கியவர்கள் கும்பலோடு வந்திருந்த பெண்கள் மட்டுமே.

படத்தில் நெல்சன் அன்றிரவே பர்விஸ் தரப்பின் குண்டுக்கு இரையாகிறான். நிஜத்தில் நவம்பர் 27 வரை உயிரோடிருந்து, பேரிங்டன் அருகே நடந்த மோதலில் மேலும் இரு அதிகாரிகளைக் கொன்ற பிறகே செத்தான். ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சுருக்கம் தேவை என்பது புரிகிறது. ஆனால் இந்தச் சுருக்கம் இலாகாவின் பெரிய அவமானத்தைப் பாதி வெற்றியாக்கிவிடுகிறது. சிகரெட் நீள்வதை மன்னிக்கலாம், இதை அப்படி விட முடியாது.

ஃப்ளாய்டை முன்னால் இழுத்ததிலும் ஒரு நல்ல கதை போயிற்று. ஜூலையில் டிலிஞ்சர், அக்டோபரில் ஃப்ளாய்ட் என்று இரண்டு பெயர்களும் பர்விஸின் கணக்கில் ஏற, பத்திரிகைகள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடின. இலாகாவின் தலைமை நாற்காலியிலிருந்த எட்கர் ஹூவருக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே, 1935இல், பர்விஸ் வேலையை விட்டு வெளியேறினார்.