ஒலிப்பொருட் சம்பந்தம்

சொல்லின் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் இடையே, பேசுவோரின் பிரக்ஞைக்கு எட்டாத ஸ்வபாவமான உறவு உண்டா என்னும் விவாதம் இப்பெயரால் சுட்டப்பெறும். சொற்பொருளின் காரணம் வெளிப்படையாகத் தோன்றாது என்று கூறிய தொல்காப்பிய உரியியல், காரணமே இல்லை என்று சொல்லாமல் நிறுத்திக்கொள்ள, மொழியியலாளர் சொசூர் காலமானபின் 1916இல் அச்சேறிய விரிவுரைத் தொகுப்போ அவ்வுறவு இடுகுறி மாத்திரமே என்று துணிந்தது.

ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1929இல் உளவியலாளர் கோலர் விவரித்த சோதனையின் வழியில் வந்து நமக்கு மிக நெருங்கியது, தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், ஹப்பர்ட் என்பவருடன் 2001இல் வெளியிட்டதாகும். கூர்முனைகள் கொண்ட உருவத்தையும் வளைந்த உருவத்தையும் காட்டி, 'கிகி' எது, 'பூபா' எது என்று அமெரிக்க மாணவரிடமும் தமிழ் பேசுவோரிடமும் வினவ, ஏறத்தாழ 95 சதவீதத்தினர் கூரியதையே 'கிகி' என்றனர். ரோமன் எழுத்தின் கோணமே அவர்களை ஈர்த்தது என்னும் ஆட்சேபம் தமிழரிடம் எளிதில் செல்லாது. நம் 'ப' கோணங்களாலும் 'கி' வளைவுகளாலும் ஆனவை அல்லவா? ஆயினும் ஆங்கில எழுத்தறிந்த தமிழர் பலராதலின், எவ்வெழுத்தும் அறியாத முதியோரை வினவுவதே உசிதமான பரீட்சையாகும்.

அதற்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம்பார்த்த பூமி ஏற்ற களம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அங்கே சம்சாரிகளான உழவர்களின் பேச்சில் பெருந்துளி சடசடவென விழுகிறது. இது ஒலியின் அநுகரணம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வெயில் சுள்ளென்று அடிப்பதும், கரிசல் மண் பிசுபிசுவெனக் காலில் ஒட்டுவதும், வெடித்த பருத்தி மெத்துமெத்தென்று இருப்பதும் செவிக்குப் புலனாகாதவை. ஆயினும் ஒலியாலேயே உணர்த்தப்படுகின்றன. இவ்வகைச் சொற்கள் திராவிட மொழிகளுக்கேயன்றி இந்திய ஆரிய, முண்டா மொழிகளுக்கும் பொதுவென்று மொழியியலாளர் எமனோ 1969இல் காட்டினார். ஆகவே இவற்றில் இயற்கை எவ்வளவு, அண்டைமொழிப் பழக்கம் எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

பிற்கால ஆராய்ச்சி இருபுறமும் சாய்கிறது. நேபாளத்துச் சியூபா மொழியினரிடம் கிகி-பூபா விளைவு தோன்றவில்லை. 25 மொழிகளைச் சேர்ந்த 917 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில் ஒப்பியவர் 72 சதவீதத்தினர். துருக்கியரும் ருமேனியரும் சீனரும் அவ்வளவு இணங்கவில்லை. உலக மொழிகளில் பெரும்பகுதியை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, மூக்கைக் குறிக்கும் சொற்களில் நகரமும் நாவைக் குறிப்பவற்றில் லகரமும் எதிர்பார்ப்பினும் மிகுதியாக வருகின்றன என்றது. தமிழிலோ மூக்கில் நகரம் இல்லை, நாக்கில் லகரம் இல்லை.