ஓர் இரவின் விலை: பட்லா முறை தரும் பாடம்

பங்குச் சந்தையில் குறுகிய கால வணிகம் செய்யும் நம் இளைஞர்கள் சிலர், வாங்கிய பங்கை மறுநாள் வரை வைத்திருக்கலாமா என்று நம்மிடம் கேட்கின்றனர். கேள்வி புதியதன்று. 1875இல் நிறுவப்பட்ட மும்பைப் பங்குச் சந்தையின் வரலாற்றில் இதற்கான பாடம் உண்டு.

அங்கு முன்னர் பல நாள் வணிகத்தின் கணக்கு ஒரே தவணையில் தீர்க்கப்பட்டது. தவணை நாளில் பணம் செலுத்த இயலாதவர், வசதி படைத்தவரின் பணத்தைக் கொண்டு கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிவைத்தார். அதற்கான கட்டணமே 'பட்லா'. விலை ஏறினால் சிறு முதலுக்குப் பெரும் லாபம். இறங்கினால் இழப்போடு கட்டணமும் சேர்ந்து கடன் பெருகியது. பணம் தந்தவருக்கோ விலை ஏறினும் இறங்கினும் கட்டணம் உண்டு. பெயர் வேறாயினும் இயல்பு வட்டியே.

1990களில் இம்முறையைத் தடுத்த செபி, பின்னர் மாற்றங்களுடன் அனுமதித்தது. 2001 மார்ச் மாதச் சரிவிற்குப் பின், அவ்வாண்டு ஜூலையில் அது முடிவுக்கு வந்தது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் மறு வேலைநாளிலேயே கணக்குத் தீர்கிறது.

ஆயினும் இரவின் அபாயம் நீங்கவில்லை. சந்தை மூடியபின் வரும் செய்திக்கு உடனே விற்று வெளியேற வழியில்லை. காலையில் விலை வெகுவாகத் தாழ்ந்து தொடங்கினால், 'ஸ்டாப் லாஸ்' குறித்திருந்தாலும் அவ்விலை கிடைக்காது. தேர்தல் முடிவுகளைத் தொடர்ந்து 2004 மே 17 திங்களன்று சந்தை சரிந்து, வணிகம் இருமுறை நிறுத்தப்பட்டது. சென்செக்ஸ் 564 புள்ளிகள் இழந்தது. 2009 மே 18, அதுவும் திங்கள், தேர்தல் முடிவுக்குப்பின் 2,110 புள்ளிகள் உயர்ந்தது. முந்தைய வெள்ளியன்று பங்கை வைத்திருந்தோருக்கு ஒரு முறை இடர், மறு முறை ஆதாயம். இரண்டையும் முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை.

ஆகுமான தொழில் செய்யும் நிறுவனத்தின் பங்கைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருப்பவர் நட்டத்திற்கும் பொறுப்பேற்கிறார். எனவே லாபத்திற்கும் உரியவராகிறார். இது ஃபிக்ஹு நெறி. ஆனால் இன்று தரகு நிறுவனங்கள் 'மார்ஜின்' கடன் தந்து, நாள் கணக்கில் வட்டி பெறுகின்றன. பட்லா வேறு பெயரில் நம் கைப்பேசிக்கே வந்துவிட்டது. பங்கு தம் கணக்கில் சேருமுன் விற்பது பற்றியும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, பேணுதலுடையோர் காத்திருப்பர்.

நாளைய சம்பாத்தியத்தின் அறிவு நமக்குத் தரப்படவில்லை. ஆகவே வட்டிக் கடனையும், பிள்ளைகளின் உணவுக்கும் கல்விக்கும் உரிய பணத்தையும் ஓர் இரவின் கையில் ஒப்படைக்காதிருப்போம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.