நியமன உறுப்பினரின் எதிர்ப்பு வாக்கு: புனே நகராட்சியில் ஜோதிராவ் புலே

புனே: தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களால் இன்று நாடறிந்த பெயராகிவிட்ட கராடி, 1997-ஆம் ஆண்டில்தான் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2022 மார்ச் மாதத்தில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின்னர், ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நிர்வாக அதிகாரியின் பொறுப்பில் இருந்த மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15 அன்று தேர்தல் நடைபெற்றது. வட்டார உறுப்பினர் ஒருவர் எதற்காக மன்றத்துக்குச் செல்கிறார் என்ற கேள்வி எழும்போதெல்லாம், புனேவில் ஒரு பழைய பெயர் நினைவுகூரப்படுகிறது. கராடியை அடுத்து, முளா-முட்டா ஆற்றங்கரையில் உள்ள மாஞ்சரியில் நிலம் வைத்திருந்த ஜோதிராவ் புலேதான் அவர்.

1827 ஏப்ரல் 11 அன்று பிறந்த புலே, மாலி எனப்படும் தோட்டக்காரச் சமூகத்தைச் சேர்ந்தவர். குடும்பத்தினர் பேஷ்வாக்களின் மாளிகைக்குப் பூக்கள் அளித்து வந்ததால் 'புலே' என்ற பெயர் நிலைத்தது. ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் பயின்ற அவர், 1848-ஆம் ஆண்டில் பிராமண நண்பர் ஒருவரின் திருமண ஊர்வலத்தில் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டார். அதே ஆண்டில் மனைவி சாவித்திரிபாயுடன் இணைந்து, புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் தண்ணீருக்குத் தவித்த நிலையில், 1868-இல் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அவர்களுக்குத் திறந்துவிட்டார். 1873 செப்டம்பர் 24 அன்று சத்யசோதக் சமாஜத்தை நிறுவினார்.

அவர் பொதுப்பணியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர் அல்லர் என்பது பலரும் கவனிக்காத செய்தி. கட்டுமானப் பொருள்களை வழங்கும் ஒப்பந்ததாரராகவும் விவசாயியாகவும் வருவாய் ஈட்டினார். கல் உடைக்கும் கூலித் தொழிலாளரின் வாழ்க்கையும், பாசன நீருக்குக் காத்திருக்கும் உழவரின் நிலையும் அவருக்கு நேரடியாகத் தெரிந்திருந்தன.

1876-இல் அவர் புனே நகராட்சி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தேர்தல் முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. அரசின் தயவால் பதவி பெற்றவர் அரசின் விருப்பத்துக்கு மாறாகப் பேசுவது எளிதன்று. ஆயினும் நகரில் மதுக்கடைகள் பெருகுவதை எதிர்த்து 1880-இல் அவர் நகராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

அதே ஆண்டில் வைஸ்ராய் லிட்டன் பிரபு புனேவுக்கு வருவதையொட்டி, வரவேற்பு ஏற்பாட்டுக்கு 1,000 ரூபாய் செலவிட முன்மொழியப்பட்டது. அத்தொகையை ஏழைகளின் கல்விக்குப் பயன்படுத்துமாறு புலே வலியுறுத்தினார். தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, மன்றத்தின் 32 உறுப்பினர்களில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1876-78 பெரும் பஞ்சத்தின் துயரம் தக்காணத்தில் ஆறாதிருந்த காலம் அது. பஞ்சத்தின்போது நிவாரணப் பணியில் ஈடுபட்டவர் புலே. அந்த வாக்கை வெறும் பிடிவாதமாகக் கருத இயலாது.

1882 அக்டோபரில் ஹண்டர் கல்விக் குழுவிடம் அவர் அளித்த அறிக்கையின் முடிவில், வணிகர், விவசாயி, நகராட்சி உறுப்பினர் என்றே தம்மை அடையாளப்படுத்திக் கொண்டார். நிலவரியாகத் திரட்டப்படும் பணம் பெரும்பாலும் உழவரின் உழைப்பில் விளைந்தது. அதன் பயனோ மேல்தட்டினரின் உயர்கல்விக்கே செல்கிறது என்பது அவரது வாதம். குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் கோரினார்.

நகரின் மையப் பகுதியில் பெரும் பொருட்செலவில் சந்தைக் கட்டடம் எழுப்பும் திட்டத்தையும் அவர் இதே காரணத்துக்காக எதிர்த்தார். எதிர்ப்பு பலிக்கவில்லை, ஆளுநர் ரே பிரபுவின் பெயரில் சந்தை எழுந்தது. 1890 நவம்பர் 28 அன்று புலே காலமானார். எழுத்தாளர் ஆச்சார்ய அத்ரே நகராட்சி உறுப்பினராக இருந்த காலத்தில் அவரது முயற்சியால் சந்தையின் பெயர் மாற்றப்பட்டது. புனேவாசிகள் இன்றும் காய்கறி வாங்கும் அக்கட்டடத்தின் பெயர், மகாத்மா புலே மண்டி.