இரவைக் கடந்தவள்

இருபத்து நான்கு மணி நேர உழைப்பு என்றால் என்னவென்று நெய்வேலிவாசிக்கு விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் ஷிப்டு மாறும், ஆள் மாறும். மண்ணை அகழும் ராட்சதச் சக்கரம் இரவிலும் சுழன்றுகொண்டிருக்கும். பிரான்சின் லெ மான் நகரில் 1923 முதல் நடந்துவரும் கார்ப் பந்தயத்தின் இலக்கணமும் இதுவே. ஒரே கார், முறைவைத்து ஓட்டுவோர், இடையில் ஓர் இரவு. சென்னையின் கருண் சந்தோக் 2012இல் ஆறாம் இடம் பெற்றது இங்குதான்.

அதற்குச் சரியாக எண்பது ஆண்டுகளுக்கு முன், 1932இல், ஒரு பெண் அங்கே நான்காம் இடம் பெற்றார். அவர் பெயர் ஓடெட் சீக்கோ.

1930இல் மார்கரீத் மரூஸ் என்னும் தோழியுடன் புகாத்தி காரில் அவர் களமிறங்கினார். லெ மானில் போட்டியிட்ட முதல் பெண்கள் இவர்களே. ஏழாம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு, விதித்த தூரத்தை முடிக்குமுன் எரிபொருள் நிரப்பியதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். 1932இல் லூயி ஷாரவெலுடன் இணைந்து ஆல்ஃபா ரோமியோவை ஓட்டினார் சீக்கோ. புறப்பட்ட 26 கார்களில் 9 மட்டுமே எல்லையைத் தொட்டன. இரண்டு லிட்டர் பிரிவின் வெற்றியும் அவர்களுக்கே. 1937இல் மோன்லெரி ஓட்டப்பாதையில் நான்கு பெண்கள் பத்து நாட்கள் இரவு பகலாக ஒரே காரை ஓட்டி உலக சாதனைகள் படைத்தபோது, அந்நால்வரில் அவரும் ஒருவர்.

பிறகு நடந்ததுதான் யோசிக்கத்தக்கது. 1955இல் லெ மானில் ஒரு கார் கூட்டத்திற்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டும் பந்தயம் நடந்தது, ஆண்கள் ஓட்டினார்கள். 1956இல் ரேம்ஸ் நகரப் பந்தயத்தில் ஆனி பூஸ்கே என்ற வீராங்கனை விபத்தில் இறந்தார். உடனே லெ மானின் கதவு பெண்களுக்கு அடைக்கப்பட்டது. 1971இல் மாரி க்ளோட் போமோன் வரும்வரை அது திறக்கவில்லை. ஆண்களின் விபத்து விபத்தாகவே கருதப்பட்டது. ஒரு பெண்ணின் விபத்தோ பெண்ணினத்தின் தகுதியின்மைக்குச் சான்றாயிற்று.

நமக்கும் இது அயல்நாட்டுக் கதையன்று. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் மாலை 7 மணி முதல் காலை 6 மணிவரை பெண்கள் சுரங்கப் பணி செய்வதைத் தடுத்தது. திறந்தவெளிச் சுரங்கங்களில் அவர்கள் இரவுப் பணி செய்ய மத்திய அரசு வழிவிட்டது 2019இல்தான். காக்கவே அடைத்தோம் என்று இரு இடத்திலும் சொல்லியிருப்பார்கள்.

சீக்கோவின் நான்காம் இடத்தை லெ மானில் வேறெந்தப் பெண்ணும் இன்றுவரை தாண்டவில்லை. அது அவருடைய திறமைக்குச் சான்று. அடைபட்டுக் கிடந்த அந்த ஆண்டுகளுக்கும் அதுவே சாட்சி.