கீறலின் குரல்

இசைத்தட்டில் விழும் கீறலைப் பழுதென்பது வழக்கு. ஜெனிவாவில் வளர்ந்த ஒலி, வீடியோக் கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே அதனை வரலாறாகக் கண்டார். 1985ஆம் ஆண்டு உறையின்றியே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். கைமாறுந்தோறும் படிந்த தூசும் கீறலும் அதன் இசையோடு கலந்தன.

1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் பேர்ட் என்னும் கறுப்பினத்தவரை வெள்ளை இனவெறியர் மூவர் வண்டியின் பின்னே கட்டி இழுத்துக் கொன்றனர். 2000ஆம் ஆண்டு மார்க்லே அம்மாநிலத்திலேயே, வண்டியில் வைத்த ஒலிபெருக்கியோடு இணைத்த மின்கிதாரைக் கயிற்றால் பின்னே கட்டி, கல்லிலும் மண்ணிலும் இழுத்துச் சென்று அதன் அலறலை வீடியோவாகப் பதிவு செய்தார். மேடையில் கிதாரை உடைத்துக் களித்த ராக் இசை மரபு அங்கே இரங்கலாயிற்று.

அக்காட்சியில் மாண்டவரின் உருவமில்லை, பெயருமில்லை. எனினும் கேட்போர் நெஞ்சு நடுங்கும். சொல்லாது உணர்த்தும் கலை பயிலும் கவிஞர் அவ்வலறலுக்கு ஒருமுறை செவி கொடுத்தல் வேண்டும்.