ஆற்றின் வாயை யார் திறப்பது?

பலெர்மோவில் வளர்ந்த எங்களுக்கு "வற்றுப் பெருக்கு" என்ற சொல் தேவைப்படுவதே இல்லை. காலையில் பார்த்த கடல் மாலையிலும் கிட்டத்தட்ட அதே மட்டத்தில் நிற்கும். மத்தியதரைக்கடல் ஏறக்குறைய மூடிய கடல். ஜிப்ரால்ற்றரில் சுமார் 14 கிலோமீற்றர் அகலமான வாசல் ஒன்றுதான் அதை அத்திலாந்திக்கோடு இணைக்கிறது. அதனால் இங்கே ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும்.

எங்கள் அம்மப்பாவுக்கோ அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாளும் போகாது. வடமராட்சியில், தொண்டைமானாற்றின் வாயில் வீச்சுவலை வீசியவர் அவர். வலையை எடுக்குமுன் கலண்டரில் திதி பார்ப்பாராம். அது வெறும் சம்பிரதாயம் அல்ல. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் பெருக்கு கூடும். அட்டமி, நவமி நாட்களில் குறையும். பெருக்கு வரும் நேரமும் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். இன்று நீங்கள் போனில் பார்க்கும் கணக்கு அன்று பஞ்சாங்கத்தில் இருந்தது.

தொண்டைமானாறு என்று பெயர் இருந்தாலும் அது மலையில் பிறந்து ஓடிவரும் ஆறு அல்ல. வடமராட்சிக்குள் நீளும் கடல்நீரேரி வடக்கே கடலைச் சந்திக்கும் வாய் அது. கருணாகரத் தொண்டைமான் என்பவர் வெட்டுவித்ததால் அந்தப் பெயர் வந்தது என்று மரபு சொல்கிறது.

அங்கே கரையில் நின்று மீன் பிடிப்பவருக்கு ஆண்டு காற்றால் பிரிந்திருந்தது. சோளகம் வீசும் மாதங்களில் மழை இல்லை. நீரேரி வற்றும், உப்பு ஏறும். ஓட்டம் தளர்ந்ததும் அலை மணலைத் தள்ளிவந்து ஆற்றுவாயை ஒடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினால் எல்லாம் தலைகீழ். வெள்ளம் வாயை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். வாடைக்காற்றில் வடகரைக் கடல் கொந்தளிக்கும்போது, வள்ளம் இறக்க முடியாதவர்களுக்கு நீரேரியே சோறு போட்டது.

இதில் இறாலின் கணக்கு முக்கியமானது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் பெருக்கோடு நீரேரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும். வளர்ந்தவை மீண்டும் கடலுக்குத் திரும்பும். போகவும் வரவும் வழி அந்த ஒரு வாய்தான். இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு, வலையோடு மனிதர்கள் அங்கே காத்து நின்றது அதனால்தான்.

அந்த வாயில் பிறகு கதவு வந்தது. 1940களின் பிற்பகுதியில் தொடங்கி 1950களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றுத் தடுப்பணை கட்டி முடிக்கப்பட்டது. மாரியில் கதவைத் திறந்து வெள்ளத்தை விடுவது, கோடையில் மூடி உப்புநீரைத் தடுப்பது என்பது திட்டம். 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு' திட்டத்திலும் இந்த அணைக்கு இடம் இருந்தது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம். குடிநீரும் தோட்டத்து நீரும் கிணற்றிலிருந்தே வரவேண்டும். நீரேரி நன்னீரானால் சுற்றியுள்ள கிணறுகள் பிழைக்கும். வெங்காயமும் புகையிலையும் வைப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் மூடிய கதவுக்கு வெளியே இறால் குஞ்சும் நிற்கிறது. கமக்காரரின் கிணறும் மீனவரின் பறியும் ஒரே கதவை நம்பியிருக்கின்றன. இருவரும் எங்கள் ஆட்கள். போர்க்காலத்தில் பராமரிப்பின்றிப் பழுதான கதவுகள் பின்னர் திருத்தப்பட்டன. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற கேள்வியைத் திருத்தவேலை தீர்த்துவிடாது.

ஆற்றங்கரையிலேயே செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கிறது. அங்கே முதலில் பூசை செய்தவர் மருதர் கதிர்காமர் என்ற மீனவர் என்பது கோயில் வரலாறு. இன்றும் பூசகர்கள் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் பூசை செய்கிறார்கள். ஆவணி அமாவாசையில் கொடியேறி, பூரணையில் ஆற்றிலே தீர்த்தம். கவனியுங்கள்: ஒரு பெரிய பெருக்கில் தொடங்கி அடுத்த பெரிய பெருக்கில் முடிகிறது அந்தத் திருவிழா. கமக்காரரும் மீனவரும் அன்று ஒரே தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இது ஊர்க்கதை மட்டும் அல்ல. எங்கள் நகரத்தைப் பாருங்கள். பழைய பலெர்மோ இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்தது. பாப்பிரெத்தோ ஆற்றை 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலத்துக்குக் கீழே விட்டார்கள். கெமோனியாவும் மறைந்தது. பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் போர்த்தா தி காஸ்த்ரோ தெருவில் நடக்கிறீர்களே, அது அந்த ஆறு ஓடிய பள்ளம்தான். ஒரேத்தோ ஆற்றின் மேல் 12 ஆம் நூற்றாண்டில் கட்டிய பொந்தே தெல்லம்மிராலியோ பாலத்தின் கீழே இன்று ஆறு இல்லை. 1931 வெள்ளத்துக்குப் பிறகு, 1938 இல் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். சாந்த் எராஸ்மோ பக்கம் கடலில் சேரும் ஆற்றுவாயைக் கழிவுநீர் கெடுத்தது. வெள்ளத்துக்குப் பயந்த நகரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்த வாயில் தூண்டில் போட்டவர்களின் காலக்கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

நான் ஐ.ரி. துறையில் வேலை செய்கிறேன். ஒரு சிஸ்டத்தை மாற்றுமுன் அதை யார் யார் பாவிக்கிறார்கள் என்று கேட்பது எங்கள் முதல் வேலை. கேட்காவிட்டால் பாதிக்கப்படுபவர் கணக்கிலேயே வரமாட்டார். தொண்டைமானாற்றுக் கதவுக்கும் அதுதான் தேவை. கிணற்றின் உப்பை அளப்பது போல, இறால் எந்தத் திதியில், எந்தக் காற்றில் உள்ளே வருகிறது என்பதையும் கரையில் நிற்பவரிடம் கேட்டு எழுதவேண்டும்.

அதில் ஒரு பங்கு உங்களால் முடியும். இந்தக் கிழமை ஊருக்குப் போன் எடுக்கும்போது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "அம்மப்பா, சோளகத்தில எந்த மீன் வரும், வாடையில எது வரும்?" பதிலைத் திகதி போட்டு எழுதி வையுங்கள்.